கூகைமலையின் ஆண் கதை

கூகைமலை ராஜாக்கள் வீரத்துக்குப் பேர் போனவர்கள். அப்படி அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

ஆண்டுதோறும் முடிசூட்டு நாளன்று வம்சத்தின் கதையை அக்கம்பக்கத்துப் பாளையக்காரர்கள் முன்னால் சொல்வது அங்கே வழக்கம். கதை சொல்பவள் உமையாள். அவள் அப்பாவுக்குப் பிறகு அந்த மேடை அவளுக்கு வந்தது. ஒவ்வொரு வரிக்கும் ராஜாவே 'ம்' கொட்ட வேண்டும். ராஜா 'ம்' கொட்டினால் அது நடந்தது என்று அவரே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அவர் கொட்டாதவரை கதை நகராது.

போன வருஷம் உமையாள் கதையை முடித்ததும், பாலாத்தூர் பாளையக்காரர் வெற்றிலையை மென்றபடி கேட்டார். "கோட்டையைக் காத்தது ஒரு அம்மா, ஏரியைக் காத்தது இன்னொரு அம்மா. உங்க வம்சத்து ஆம்பளைங்க சாப்பிட்டதைத் தவிர வேற ஏதாச்சும் செஞ்சாங்களா?"

சபை சிரித்தது. இரணசிங்க பூபதி ராஜாவும் சிரித்தார். ஆனால் அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருஷம் விழா நெருங்கியபோது அவைப்புலவர் மார்த்தாண்டக் கவிராயர் ராஜாவின் காதில் ஓதினார். "பெண்களுக்கு ஏது சரித்திரம் மகாராஜா? அடுப்படியில் நடப்பதெல்லாம் கதையா? ஆண்களின் கதை மட்டும் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் மேடைக்கு என் மருமகன் இருக்கிறான்."

ராஜா உமையாளைக் கூப்பிட்டார். "இந்தத் தடவை கதையில் ஒரு பெண்கூட வரக் கூடாது. வந்தால் மேடை உனக்கில்லை."

"உத்தரவு மகாராஜா. ஆண்கள் செய்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன்."

அவள் இத்தனை எளிதாகச் சம்மதித்தது கவிராயருக்கு லேசாக உறுத்தியது. மருமகனோ அதற்குள் புதுப் பட்டு வாங்கிவிட்டான்.

விழா நாளன்று சபை நிறைந்திருந்தது. உமையாள் மேடையேறினாள்.

"மகாராஜாவின் கொள்ளுத்தாத்தா குமார பூபதி, கோழிச் சண்டை பார்க்க வெளியூர் போனார்."

"ம்."

"அந்த நேரம் எதிரி ஆயிரம் குதிரைகளோடு வந்து கோட்டையை வளைத்தான்."

"ம்!"

"ஒரு வாரத்தில் எதிரி ஓடிப்போனான். குமார பூபதி சேவலோடு திரும்பி வந்தார்."

ராஜா வாயைத் திறந்தார். 'ம்' வரவில்லை. "எதிரி ஏன் ஓடினான்?"

"அந்த இடத்தில் ஆண் யாரும் வரவில்லை மகாராஜா."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா அவசரமாக, "ம், ம், மேலே சொல்லு" என்றார்.

"மகாராஜாவின் தாத்தா காலத்தில் அடைமழையில் கீழ ஏரி உடைந்தது. தாத்தா கரையில் நின்றார். கண்ணீர் விட்டு அழுதார். ஏரி அடைபட்டது."

"அழுதால் ஏரி அடைபடுமா?"

"அழுதது மட்டும்தான் ஆண் கதை."

பாலாத்தூர்க்காரர் மீசையைப் பொத்திக்கொண்டார். கவிராயர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். ராஜா வேண்டாவெறுப்பாக ஒரு 'ம்' கொட்டினார்.

"மகாராஜாவின் அப்பா மூன்று வருஷம் எதிரியின் சிறையில் இருந்தார். அந்த மூன்று வருஷமும் இங்கே வரி வசூலானது, வழக்குகள் தீர்ந்தன, வடக்கே ஒரு சத்திரமும் எழும்பியது. சிம்மாசனம் காலி. பிறகு ஒருநாள் சிறைக்கதவு திறந்தது. அப்பா வீட்டுக்கு வந்தார்."

"கூகைமலையில் ஏரி தானா அடைபடுது, கதவு தானா திறக்குது" என்றார் பாலாத்தூர்க்காரர். "எங்க ஊருக்கும் ரெண்டு கதவு அனுப்பி வையுங்க!"

சபை வெடித்தது. ராஜாவின் முகம் சிவந்தது. "போதும்! என் கதையைச் சொல்லு."

உமையாள் தொண்டையைச் செருமினாள். "மகாராஜா பிறந்தார்."

"ம்" என்று பாதி கொட்டிய ராஜா நிறுத்தினார். "நில். யாருக்குப் பிறந்தேன்?"

"அப்பாவுக்கு."

"சரி. அதோடு...?"

"அதோடு அவ்வளவுதான் மகாராஜா. அப்பா பத்து மாதம் எப்படிச் சுமந்தார் என்பதைக் கவிராயர்தான் விளக்க வேண்டும். எனக்கு அந்த அனுபவம் போதாது."

ராஜா உமையாளைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்ட பாலாத்தூர்க்காரரைப் பார்த்தார். தன் அம்மா உட்கார்ந்திருந்த மாடத்தைப் பார்த்தார். அங்கிருந்து வந்த சிரிப்புதான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது. அவருக்கும் தாங்கவில்லை. கிரீடம் சரியும்வரை சிரித்தார்.

"தடையை எடுத்தாயிற்று உமையாள். மேடை உன்னுடையது. அந்தப் பெண்களை உள்ளே கூப்பிடு. இல்லாவிட்டால் நான் பிறக்கவே முடியாது போலிருக்கிறது."

உமையாள் கூப்பிட்டாள். எதிரி வருமுன்பே சுற்றுவட்டாரத்து வைக்கோலையெல்லாம் வாங்கிக் கோட்டைக்குள் குவித்து, ஆயிரம் குதிரைகளையும் பட்டினி போட்ட கொள்ளுப்பாட்டி குமராயி வந்தாள். அரண்மனைக் கதவுகளைக் கழற்றி ஏரி உடைப்பில் போடச் சொன்ன பாட்டி பேரழகு நாச்சியார் வந்தாள். மூன்று வருஷம் நாட்டை நடத்தி, எதிரியின் மாப்பிள்ளையைப் பிடித்து, கணவருக்கு ஈடாக அனுப்பிவைத்த அம்மா தங்கமுடி நாச்சியாரும் வந்தாள். இங்கத்துச் சாப்பாட்டை விட்டுப் போக மாட்டேன் என்று அந்த மாப்பிள்ளை அழுததையும் உமையாள் விடவில்லை. மாடத்தில் தங்கமுடி நாச்சியார் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கதை முடிந்ததும் ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி உமையாளுக்குக் கொடுத்தார். பிறகு கவிராயர் பக்கம் திரும்பினார்.

"கவிராயரே, இந்த மூன்று பேர் மேலும் ஆளுக்கு நூறு பாட்டு நீர் எழுத வேண்டும். சம்மதம்தானே?"

கவிராயர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். பழக்கதோஷத்தில் பதில் தானாக வந்தது.

"வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிவிடுகிறேன் மகாராஜா."