தளவாய் காட்டிய வேகம்

மாங்கோட்டை அரண்மனையில் ஓலை கொண்டு ஓடும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன் இருளாண்டி. முதலில் மூச்சு பழகட்டும் என்று தினமும் மெதுவாகவே நெடுந்தூரம் ஓடினான். தளவாய் சிங்கப்பருக்கு அது பொறுக்கவில்லை.

“எருமை மாதிரி அசைகிறாயே! நாளைக்கே குதிரை வேகத்தில் ஓடு, இல்லையென்றால் ஊரை விட்டே ஓடு!” என்று ராஜா முன்னிலையில் கத்தினார்.

“அந்த வேகத்தை ஒரு தடவை ஓடிக் காட்டுங்க எசமான், பார்த்துக் கத்துக்கிறேன்” என்றான் இருளாண்டி பணிவாக.

ராஜாவும் ஆவலாகத் தலையசைத்துவிட்டார். தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டு, அன்றைய ஓலையோடு அம்பாய்ப் பாய்ந்தார். குளக்கரையிலேயே மூச்சிரைத்துக் குப்புற விழுந்தார். மெதுவாக ஓடிவந்த இருளாண்டி குனிந்தான்.

“எசமானோட வேகம் வந்து சேர்ந்திடுச்சு. ஓலைதான் இன்னும் ரெண்டு காதம் போகணும், கொடுங்க.”

பொழுது சாயுமுன் ஓலை போய்ச் சேர்ந்தது. தளவாயைத்தான் நாலு பேர் தூக்கி வந்தார்கள்.