பின்பக்கத்து எண்

அந்தப் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு எல்லோருக்கும் பொது. இரண்டாம் ஆண்டில்தான் தனித்தனித் துறை. மதிப்பெண் இருந்தாலும் துறைத்தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். மெக்கானிக்கல் துறைத்தலைவர் வைத்தியலிங்கம் மாணவிகளுக்கு லேசில் போடமாட்டார்.

முதலாண்டு முடித்த ரிஸ்வானா அவரிடம் விண்ணப்பத்தை நீட்டினாள். அன்றுதான் கடைசி நாள்.

"கம்ப்யூட்டர் எடும்மா. ஏசியில உக்காரலாம்."

"மெக்கானிக்கல்தான் சார் வேணும்."

மேசைமேல் காகிதங்களுக்குப் பாரமாக இருந்த இரும்பை அவர் எடுத்தார். முதலாண்டுப் பட்டறையில் யாரோ அரத்தால் ராவி, ஒன்றோடொன்று பொருத்திய இரண்டு துண்டுகள். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். இடுக்கில் துளி வெளிச்சம் வரவில்லை.

"இந்த வருஷத்துப் பையன் எவனோ செஞ்சது. கைவேலைன்னா இது. சாயங்காலத்துக்குள்ள இப்படி ஒண்ணு செஞ்சு கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

பட்டறை அன்று பூட்டியிருந்தது. அது அவருக்கும் தெரியும்.

"இதைச் செஞ்சவங்க வந்து கேட்டா சீட் குடுப்பீங்களா சார்?"

"கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பேன்."

"திறந்துக்கிட்டே குடுங்க சார். பின்பக்கம் நம்பர் இருக்கு."

மதிப்பெண் போடுவதற்குமுன் ஒவ்வொரு துண்டிலும் செய்தவரின் பதிவெண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதிப்பது பட்டறை வழக்கம். அவர் இரும்பைத் திருப்பினார். விண்ணப்பத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். மறுபடி இரும்பைப் பார்த்தார்.

"பேனா எங்க வச்சேன்?" என்று மேசையைத் துழாவினார்.

ரிஸ்வானா தன் பேனாவைக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் அப்பாவுக்குப் போன் செய்தாள். "அத்தா, மெக்கானிக்கல்" என்றாள்.