பெட்டி அறியாத உச்சிமாகாளி

வெண்கரை நாட்டு உப்பளத்துக்காரர்களுக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிட வேண்டும். முதலில் அரண்மனை அவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டது. அடுத்து அதே நிலத்தில் அவர்களையே கூலிக்கு வைத்தது. அதற்கடுத்து, மழை மாதத்தில் உப்பு விளையாது, கூலியும் கிடையாது என்றது. அவர்கள் கோட்டை வாசலில் உட்கார்ந்து, அடிபட்டு, மழை மாதத்துக்கு அரிசி வாங்கினார்கள். யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. கடைசியாக அந்த அரிசிக்குக் குறுக்கே ஒரு பெட்டி வந்தது.

பெட்டி, அமைச்சர் திருமேனிநாதரின் யோசனை. பட்டாவோ சான்றிதழோ அரிசியோ, இனி யாரும் அரண்மனைக்கு அலைய வேண்டாம், எல்லாம் ஆன்லைன். தெருமுனைப் பெட்டியில் விரலை வைத்தால் ஆள் யார் என்று அதுவே சொல்லிவிடும். அடுத்தவர் பெயரில் எவனும் ஏமாற்ற முடியாது. யோசனை நல்லதுதான். ராஜா பரிதிமாறன் பூரித்துப்போய்ச் சபையில் அறிவித்தார்: "பெட்டி அறியாதவர் என் குடி அல்ல."

உப்பளத்துக்காரி உச்சிமாகாளி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். அப்போதும் சிவப்பு. காலமெல்லாம் உப்புநீரில் ஊறிய கையில் ரேகை எங்கே இருக்கும்? அவள் தெருவில் பாதிப் பேருக்கு இதே கதி. மழை தொடங்கிவிட்டது. வீட்டில் அடுப்புக்குள் பூனை தூங்கியது.

ராஜாவைச் சிரிக்க வைத்துச் சம்பளம் வாங்கும் கண்டியப்பனைத் தேடிப் போனாள். வாய் பேசித்தானே சாப்பிடுகிறாய், எனக்காகவும் கொஞ்சம் பேசு என்றாள். கண்டியப்பனுக்குச் சுருக்கென்றது. நேரே அமைச்சரிடம் போனான். இந்தப் பெண்ணை ஊரே அறியும், நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். திருமேனிநாதர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"சாட்சியை விலைக்கு வாங்கலாம், கண்டியப்பா. விரலை வாங்க முடியாது."

கண்டியப்பன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான்.

வெண்கரை அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. பிறநாட்டார் சபைக்கு வந்தால் ராஜா எழுந்து நின்று வரவேற்க வேண்டும். அவர்கள் கை நனைக்கும்வரை அரண்மனையில் ஒருவரும் சாப்பிடக் கூடாது. தங்கும் நாள் முழுக்க அவர்களுக்கு அரண்மனைச் சாப்பாடு.

பெட்டி வந்து வருஷம் ஒன்று ஆனதற்கு விருந்து வைத்தார்கள். இலை போட்டு, சாதம் விழுந்து, திருமேனிநாதர் பருப்பைப் பிசைந்துவிட்டார். அப்போது கண்டியப்பன் வந்தான். பின்னால் உச்சிமாகாளி. அவளுக்குப் பின்னால், நனைந்த துணியோடு கீழத்தெருவே வந்தது.

"மன்னா, பிறநாட்டு விருந்தினர்."

ராஜா பழக்கத்தில் எழுந்துவிட்டார். சபை கையை உதறிக்கொண்டு எழுந்தது. அமைச்சர் கவளத்தை இலையில் போட வேண்டியதாயிற்று.

"எந்த நாட்டார், கண்டியப்பா?"

"அது தெரியவில்லை, மன்னா. நம் நாட்டார் இல்லை என்று மட்டும் பெட்டி சொல்லிவிட்டது. மழை மாதம் முழுக்க இங்கேதான் தங்குவார்களாம்."

உப்பளத்துக்காரர்கள் இலைகளில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் அமைச்சரின் இலைக்கு நேராக வந்து, கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்றார். திருமேனிநாதருக்குப் பசியும் கோபமும் ஒன்றாக ஏறின.

"யார் பிறநாட்டுக்காரி? இவள் உச்சிமாகாளி. மாடக்கண்ணு மகள், கீழத்தெரு. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். என் வீட்டுக்கு உப்புப் போடுகிறவளே இவள்தான்."

கண்டியப்பன் கை கட்டி நின்றான்.

"மன்னா, பெட்டி அறியாதவளை அமைச்சர் அறிந்திருக்கிறார். ஒன்று மட்டும் சத்தியம். இந்தச் சாட்சியை நான் விலைக்கு வாங்கவில்லை."

ராஜாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விரல் தவறினால் தெருவார் சாட்சி சொல்லலாம், சபை கேட்கப் பெயரை வாசித்தால் பெட்டி அவர்களை ஏற்க வேண்டும் என்று அங்கேயே உத்தரவிட்டார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கண்டியப்பன் கழுத்தில் போட்டார். முதல் பெயரை அமைச்சரே வாசிக்கட்டும் என்றார்.

திருமேனிநாதர் பருப்புக் கையோடு முணுமுணுத்தார்.

"சத்தமா வாசிங்க, சாமி" என்றாள் அவள். "வாசல்ல நிக்கிற எங்க ஆளுங்களுக்குக் கேக்கல."

அமைச்சர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வெண்கரை நாட்டுக் குடி. கீழத்தெரு மாடக்கண்ணு மகள், உச்சிமாகாளி."