கழுத்துக் கட்டை

மலையடிவாரத்து மடம் ஒன்றில் மாசாணம் மாடு பார்த்துக்கொண்டிருந்தான். சிறையிலிருந்து வந்து சீடனாகச் சேர்ந்து ஆறு மாதம்தான். ஒருநாள் காலையில் துணி மூட்டையோடு குருவின் முன்னால் வந்து நின்றான்.

"கிளம்புறேன் சாமி."

"கஞ்சி குடிச்சியா?"

"பூசைச் செம்பைக் காணோம். எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க."

"நீ எடுத்தியா?"

"இல்லை சாமி. வாயைத் திறந்து கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

"சரி, செம்பைத் தேடச் சொல்லலாம். மூட்டை எதுக்கு?"

"பயமா இருக்கு. இன்னும் நாலு நாள் இப்படியே பார்த்தாங்கன்னா, நிஜமாவே எடுத்துடுவேன் போல. ஒருத்தன் எதனால சாமி திருடனாகிறான்? வறுமைங்கிறாங்க. கூடாத சேர்க்கைங்கிறாங்க. பிறவிக் குணம்னும் சொல்றாங்க. நான் இதுல எது?"

குரு எழுந்து தொழுவத்துக்கு நடந்தார். அங்கே, நேற்றுச் சந்தையில் வாங்கிய செவலைப் பசு நின்றது. ஓடினால் முழங்காலில் இடிக்கும்படி கழுத்தில் ஒரு கட்டை தொங்கியது.

"இது எப்படி?"

"கள்ள மாடு சாமி. வேலி தாண்டும்."

"தாண்டிப் பார்த்தியா?"

"இல்லை. அதான் கட்டை கட்டியிருக்கே."

"வித்தவன் பார்த்தானா?"

"அவன் வாங்கும்போதே கட்டை இருந்துச்சாம்."

"இது புல்லு மேயப் போனா?"

மாசாணம் யோசித்தான். "கட்டையைப் பார்த்ததுமே கல்லெடுப்பாங்க. மத்த மாட்டோட சேர்க்க மாட்டாங்க."

"பசிக்குமே."

"பசிக்கும்."

"பசிச்சா?"

அவன் பசுவின் கழுத்துக் கட்டையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாக, "வேலி தாண்டும்," என்றான்.

"அவிழ்த்துவிடு."

முடிச்சு இறுகிக் கிடந்தது. ஒரு கையால் ஆகவில்லை. மாசாணம் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, பல்லாலும் இழுத்து அவிழ்த்தான். கயிறு இருந்த இடத்தில் மயிர் இல்லை. பசு கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தது.

குரு கட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "அடுப்புக்கு ஆகும்."

அவர் நாலடி போயிருக்கமாட்டார், பின்னால் கூச்சல் கேட்டது. பசு மூட்டைக்குள் வாயை விட்டு வேட்டியை இழுத்து மென்றுகொண்டிருந்தது. மாசாணம் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பார்த்தீங்களா சாமி! கள்ள மாடேதான்!"

குரு திரும்பிப் பார்த்தார்.

"பசிச்ச மாடு. புல்லை அள்ளிப் போடு."