பாஸ்டர் மூட நினைத்த வெப்சைட்

"அக்கா, எங்க சபை வெப்சைட்டை மூடிடலாம்னு இருக்கேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

தோள்பையை இறக்கி வைக்கக்கூட இல்லை, தர்மசீலன் பாஸ்டர் அதற்குள் கேட்டுவிட்டார்.

சுகிர்தம் அக்கா மலைமேல் ஒரு சின்ன ஆசிரமம் நடத்துகிறார். பாஸ்டரைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் அங்கே வருகிற ஆயருக்கும் சரி, விறகு வெட்டிக்கும் சரி, அவர் அக்காதான். மனசு பாரமாகும்போதெல்லாம் பாஸ்டர் அவரிடம் வருவார். உபதேசம் கிடைக்கும் என்று நம்பி வருவார். பெரும்பாலும் வேலைதான் கிடைக்கும்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏன் மூடணும்?"

"அதனால ஒரு பொண்ணு செத்துப் போச்சுக்கா."

அக்காவின் கை நின்றது.

பாஸ்டர் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயர் அமராவதி. மில்லில் வேலை பார்த்தவள். சபையைச் சேர்ந்தவள் அல்ல, கிறிஸ்தவளும் அல்ல. அடிக்கிற புருஷனிடமிருந்து தப்ப ஓர் இடம் தேடிப் போனில் துழாவியிருக்கிறாள். சபையின் வெப்சைட் அகப்பட்டது. 'வியாழன் மாலை நான்கு மணி. துயரப்படுவோர் யாரும் வரலாம். கதவு திறந்திருக்கும்' என்று அதில் போட்டிருந்தது.

வந்தாள். கேட் பூட்டிக் கிடந்தது.

எதிர் டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். அரை மணி நேரம் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம். பிறகு வேறு போக்கிடம் இல்லாமல் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். மறுநாள் அவளைப் பிணமாகத்தான் தூக்கினார்கள். புருஷன் இப்போது ஜெயிலில். அவள் போனில் கடைசியாகத் திறந்திருந்தது உங்கள் சபையின் பக்கம்தான் என்று போலீஸ்காரர் வந்து சொன்ன நாளிலிருந்து பாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தக் கூட்டத்தை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. ஆள் வரலைன்னு நிறுத்தினோம்."

ஆள் வரவில்லை என்று ஜெபக் கூட்டத்தை நிறுத்துவார்கள். கமிட்டிக் கூட்டத்தை மட்டும் எந்தச் சபையும் நிறுத்தியதாகக் கேள்விப்பட்டதில்லை.

"சும்மா நிறுத்தலக்கா. ஆலயத்துல கல்யாண ஓலை வாசிக்கிற மாதிரி மூணு ஞாயித்துக்கிழமை அறிவிப்பு வாசிச்சுத்தான் நிறுத்தினோம். எல்லாருக்கும் தெரியும்."

"யாருக்கு?"

"சபைக்கு."

"அமராவதி எந்த பெஞ்சுல உக்காந்து கேட்டா?"

பாஸ்டர் தோள்பையை இறக்கித் தரையில் வைத்தார்.

அக்கா எழுந்து ஒரு சட்டியில் கஞ்சி ஊற்றிக்கொண்டார்.

"அந்த விறகு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குங்க. நீங்கதான் அமராவதி. நான் உங்க புருஷன், வெளிய உக்காந்து கஞ்சி குடிக்கறேன். குடிச்சு முடிக்கறதுக்குள்ள உங்க வெப்சைட்டைப் பாத்து, சபையில யாரையாச்சும் கூப்பிடுங்க. எனக்குச் சத்தம் கேக்கக் கூடாது."

"அக்கா..."

"போங்க."

ஐம்பத்தெட்டு வயதில் விறகுக்கு நடுவே ஒளிய அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. போனார். இருட்டில் வெப்சைட்டைத் திறந்தார்.

ஆர்மோனியமும் தபேலாவுமாகக் கீர்த்தனை முழங்கியது.

கமிட்டிச் செயலாளர் ஆசைப்பட்டு வைத்த பாட்டு. திறந்தால் தானாகப் பாடும். பதறிப்போய்க் கண்ட இடத்திலும் அமுக்கினார். நிற்கவில்லை.

வெளியே சட்டியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"உள்ள யார்கிட்டடி பேசற?"

அக்காவின் குரலில் விளையாட்டு இல்லை. பாஸ்டர் போனைச் சட்டைக்குள் திணித்து நெஞ்சோடு அழுத்திப் பிடித்தார்.

பாட்டு ஓய்ந்ததும் மறுபடி பார்த்தார். தங்க நிறத்தில் ஒரு சிலுவை சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்து கோபுரத் திறப்பு விழா. அடுத்து மாலையும் கழுத்துமாகக் கமிட்டியார் பன்னிரண்டு பேர். பிறகு ஃபேன் கொடுத்தவர், டியூப்லைட் கொடுத்தவர், மைக் செட் கொடுத்தவர். ஆலயத்தில் ஃபேன் இறக்கை தவறாமல் எழுதியிருக்கும் பெயர்களெல்லாம் இங்கேயும் வரிசைகட்டி நின்றன. தள்ளத் தள்ளப் பெருமைதான் வந்தது. அடியோ அடியில், பொடி எழுத்தில், அந்த வியாழக்கிழமை வரி. அதற்கும் கீழே ஒரு நம்பர்.

கூப்பிட்டார். மாற்றலாகிப் போன பழைய பாஸ்டரின் நம்பர் அது. உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது.

கதவு படீரென்று திறந்தது.

"குடிச்சு முடிச்சிட்டேன்," என்றார் அக்கா.

பாஸ்டர் விறகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனையையும் தாண்டித்தான் அவள் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்திருக்கிறாள். அதை நம்பியும் இருக்கிறாள். அவர் வாய்விட்டு அழுதார்.

"இதை நான் ஒரு நாள்கூடத் திறந்து பாத்ததில்லக்கா."

"உங்களுக்கு எதுக்கு? உங்ககிட்டதான் சாவி இருக்கே."

பாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூடலக்கா. பாட்டை எடுத்துடறேன். கமிட்டி, ஃபேன் எல்லாம் கடைசிக்குப் போகட்டும். திறந்ததும் நம்பர்தான் தெரியணும். எந்நேரமும் நானே எடுக்கற நம்பர். அந்த வியாழக்கிழமை வரியை மட்டும் இப்பவே அழிக்கச் சொல்லிடறேன். இனி ஒரு நிமிஷம்கூட அந்தப் பொய் அதுல இருக்கக் கூடாது."

செயலாளரைக் கூப்பிடப் போனை எடுத்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"மணி?"

"பன்னெண்டரை."

"நாலு மணிக்குக் கேட்டைத் திறக்கணும். கீழ போய்ச் சேர மூணு மணி நேரம் ஆகும்," என்றார் அக்கா. "அவளும் இந்நேரம் கிளம்பியிருப்பா."

"யாருக்கா?"

"அடுத்தவ."