சுவருக்குள் பதினேழு வெள்ளி ரூபாய்

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு தெருக்கோடியில் இருக்கிறது அந்த வீடு. வாசல் இரண்டு, வீடு ஒன்று. அதில் எழுந்த வழக்குக்கு நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கிழக்கு வாசலில் அக்கா ஆவுடையம்மாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் திருப்பூரில். மேற்கு வாசலில் தங்கை உலகம்மாள். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இருவருக்கும் பீடி சுற்றுவதுதான் பிழைப்பு. கிணற்றில் ஒரு வாளி விழுந்ததில் தொடங்கிய சண்டை, நடுக்கூடத்தில் குறுக்குச் சுவராக வந்து நின்றது. அதற்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அன்று நின்ற பேச்சு நின்றதுதான்.

சுவர் எழும்பியபோது அம்மா உயிரோடு இருந்தாள். தடுக்கவும் இல்லை, அழவும் இல்லை. கொத்தனார் மாசானத்தின் பக்கத்திலேயே பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கொல்லையில் கிடந்த நீளக் கல்லைத் தூக்கிவரச் சொல்லி, ஆள் உயரத்துக்கு மேலே சுவரில் குறுக்காக வைக்கச் சொன்னாள். சுவர் பலத்துக்காக இருக்கும் என்று ஆவுடை நினைத்துக்கொண்டாள். பூசி வெள்ளையடித்த பிறகு கல் இருந்த தடமே தெரியவில்லை.

அன்றிலிருந்து அம்மாவின் கழுத்தில் கிடந்த காசுமாலையையும் காணோம். ராஜா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய் பதினேழுக்கும் வளையம் பற்றவைத்துக் கோர்த்த மாலை அது. தங்கைக்குக் கொடுத்துவிட்டாள் என்று அக்காவும், அக்காவுக்குத்தான் போயிருக்கும் என்று தங்கையும் முடிவு கட்டினார்கள். கேட்டால் அம்மா, "பத்திரமா இருக்கு" என்பாள். இரண்டு வருஷத்தில் அவளும் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஆவுடைக்குத் துணை அந்தச் சுவர்தான். வாய் பேசாவிட்டாலும் காது சும்மா இருக்குமா? தங்கை இலை வெட்டும் கத்திரிச் சத்தம் விடிந்ததும் கேட்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் இவளுக்குக் கை ஓடாது. 'தூங்குகிறாளா, காய்ச்சலா? எப்படியும் போகட்டும், எனக்கென்ன' என்று தன்னையே திட்டிக்கொள்வாள். இருமல் கேட்டால், "ஒரு கஷாயம் வச்சுக் குடிக்கத் துப்பில்ல" என்று சுவரைப் பார்த்து முணுமுணுப்பாள். அந்தப் பக்கத்திலும் ஒருத்தி இப்படியே காதைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒரு வியாழக்கிழமை, பொழுது ஏறியும் கத்திரிச் சத்தம் இல்லை. அன்று பீடிக்கட்டு கொடுக்கிற நாள். தெருவே கம்பெனிக்குப் போயிருந்தது. ஆவுடை மேற்கு வாசலுக்கு ஓடிக் கதவைத் தட்டினாள். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. திரும்பி வந்து, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சுவரைத் தட்டினாள். மெல்லிய முனகல் ஒன்று கேட்டது.

கடப்பாரையை எடுத்தாள். முதல் அடி சிமிட்டியில் பட்டுத் தெறித்துக் கை விறைத்தது. இரண்டடி தள்ளி இன்னொரு அடி வைத்தாள். புட்டுக்குள் கரண்டி போவதுபோல் கடப்பாரை இறங்கியது. செங்கல் மளமளவென்று சரிந்தது. கூடவே ஒரு சுருக்குப்பை கலகலவென்று விழுந்தது. அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

உலகு கால் பிசகி அடுப்படியில் கிடந்தாள்.

"ஏட்டி, உசுரோட இருக்கியா?"

"இருக்கேன். அதுக்கு ஏன் வீட்ட இடிக்க?"

பத்து நாள் அந்த ஓட்டை வழியாகத்தான் கஞ்சி போயிற்று. பதினோராம் நாள் அடைக்க வந்தார் மாசானம். செங்கல் குவியலில் மறந்து கிடந்த சுருக்குப்பையை அப்போதுதான் எடுத்து அவிழ்த்தார்கள். வளையத்தோடு பதினேழு வெள்ளி ரூபாய்.

"அப்போ இது உங்கிட்ட இல்லையா?" என்றாள் அக்கா.

"உங்கிட்ட இருக்குன்னுல்லா நெனச்சேன்" என்றாள் தங்கை.

இருவரும் காசை நடுவில் வைத்தார்கள். அடுத்த நிமிஷமே இருவர் கையும் அதன்மேல் விழுந்தது.

"சுவர ஒடச்சது நான். ஒடைக்கலன்னா காசும் இல்ல, நீயும் இல்ல."

"சுவரு என் கூலியில எழும்பினது. என் இடத்துல நிக்கி. ஒடச்சதுக்கு நாந்தான் உங்கிட்ட தண்டம் கேக்கணும்."

"ஆளுக்குப் பாதியா வச்சுக்கிடுங்களேன்" என்றார் மாசானம்.

"பாதி பாதின்னுதான் இந்தச் சுவரே வந்துச்சு!" என்று உலகு சீறினாள்.

மாசானம் சிரித்தார். "அன்னைக்கு உங்க அம்மா என்ன சொன்னா தெரியுமா? 'இந்த மூணடி அகலத்துக்கு மட்டும் சிமிட்டி போடாம மண்ணு வச்சுக் கட்டுடா. இதுல உனக்கு இன்னொரு நாள் வேல இருக்கு'ன்னா. என்னைக் காப்பி குடிக்க அனுப்பிட்டு அவளே ரெண்டு கல்லு வச்சா. அப்போ என் கூலியும் இந்தப் பைக்குள்ளதான் இருக்கும் போலுக்கு."

ஆவுடைக்கு அந்தப் பேச்சு பாதிதான் காதில் ஏறியது. காசு யாருக்குப் போனால் என்ன, சாயங்காலத்துக்குள் ஓட்டை அடைபட்டுவிடும். நாளையிலிருந்து மறுபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு சரிந்தும் மேலே இருந்த நீளக் கல் மட்டும் அசையாமல் நின்றது.

கேட்டீர்களே, காசு உடைத்தவளுக்கா, கட்டியவளுக்கா, கொத்தனாருக்கா? அம்மா அந்தக் காசை எதற்காக வைத்துவிட்டுப் போனாள்?

விடை: வாசல் இல்லாத சுவருக்குள், வாசலுக்கு மேலே வைக்கிற தலைக்கல் எதற்கு? மூன்றடிக்கு மட்டும் மண் எதற்கு? அம்மா அன்றைக்கே அங்கே ஒரு வாசலை வைத்து, வேண்டும்போது இடிக்கிற மாதிரி மூடியிருக்கிறாள். அதற்குக் கதவு போடத்தான் காசு. மாசானத்துக்கு அவள் சொன்ன இன்னொரு நாள் வேலையும் அதுதான். கல்லைப் பார்த்துக்கொண்டே ஆவுடை இதைச் சொன்னதும், உலகு காசை அள்ளி அவள் கையில் வைத்தாள். ஒரே ஒரு ரூபாயை எடுத்து அம்மா படத்தடியில் வைத்துவிட்டு, மற்றதைத் தச்சனிடம் கொடுத்தார்கள். கதவு வந்த அன்று தச்சன் கேட்டான், "தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்க?" என் பக்கம் வேண்டாம் என்றாள் அக்கா. என் பக்கமும் வேண்டாம் என்றாள் தங்கை.