கௌதாரியின் குரல் யாருக்குச் சொந்தம்?

காட்டுக் குளத்தின் மேற்குக் கரையில் ஒரு முள்ளம்பன்றி, குட்டிகளுக்கான காப்பகம் நடத்தி வந்தது. மேயப் போகும் தாய்மார் காலையில் தங்கள் குட்டிகளை அதன் வளையில் விட்டுப் போவார்கள். பொழுது சாய்வதற்குள் வந்து அழைத்துப் போவார்கள்.

"என் முதுகைப் பாருங்க. இத்தனை முள்ளைத் தாண்டி எந்த நரி உள்ளே வந்துடும்?" என்று முள்ளம்பன்றி எல்லாரிடமும் சொல்லும்.

அது பொய்யில்லை. ஆனால் முள்ளம்பன்றி இரவில் மேய்கிற பிராணி. பகலெல்லாம் தூங்கும். வாசலில் முள் விழித்திருக்கும், முள்ளம்பன்றி விழித்திருக்காது.

குட்டிகளை உண்மையில் பார்த்துக்கொண்டது அங்கே வேலைக்கு இருந்த கௌதாரி. சின்னப் பறவை. பழுப்புச் சிறகு. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை வளர்க்கத் தெரிந்த பறவை.

தினமும் காலையில் அது குட்டிகளை வரிசையாக உட்காரவைத்துக் கேள்வி கேட்கும்.

"ஆபத்து வந்தா என்ன செய்யணும்?"

"தரையோட படுத்துக்கணும்."

"அசையலாமா?"

"கூடாது."

"எப்போ எழுந்திருக்கணும்?"

"நீ கூப்பிட்டா."

"உங்க அம்மா கூப்பிட்டா?"

குட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

"அப்பவும் கூடாது," என்று கௌதாரி சொல்லும். "நரிக்கு உங்க அம்மா குரல்ல பேச வரும். என் குரல் வராது."

பிறகு அது கழுத்தை நிமிர்த்திக் கூப்பிடும். "கிர்ரீ… கிட், கிட்." நடுவில் தொண்டைக்குள் ஒரு சின்ன விக்கல் விழும். அந்த விக்கல் கௌதாரிக்கு மட்டுமே வரும்.

"விக்கல் இல்லாம யாராவது இந்த மாதிரி கூப்பிட்டா, அது கள்ளக் குரல். இன்னும் நல்லாத் தரையோட ஒட்டிக்கணும். புரிஞ்சுதா?"

எல்லாக் குட்டிகளுக்கும் புரிந்தது. முயல்குட்டி பஞ்சுவுக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்தது. சொன்ன சொல் தட்டாத பிள்ளை அது.

பஞ்சுவின் தாய்க்கு அந்த ஒரு குட்டிதான். தகப்பன் முயலை மழைக்காலத்திலேயே நரி கொண்டுபோய்விட்டது. பக்கத்துப் புல்லெல்லாம் தீர்ந்துபோனதால் தாய் முயல் தினமும் மலைச்சரிவு வரை போக வேண்டியிருந்தது. போகும்போது நாலு தடவை திரும்பிப் பார்க்கும். கௌதாரி சிறகை ஆட்டி, "போயிட்டு வாம்மா, நான் இருக்கேன்ல," என்று சொன்ன பிறகுதான் அதன் கால் நகரும்.

இப்படி இருக்கையில் கௌதாரி முட்டையிட்டது.

"அக்கா, ஆறு முட்டை வச்சிருக்கேன். வளை வாசல்லயே ஓரமா உட்கார்ந்து அடைகாத்துக்கறேன். குட்டிகளையும் விட மாட்டேன்," என்று முள்ளம்பன்றியிடம் கேட்டது.

முள்ளம்பன்றி ஒரு கண்ணைத் திறந்தது. "இது காப்பகமா, உன் பிரசவ வீடா?"

"கொஞ்ச நாளைக்குத்தானே அக்கா."

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்வாங்களே. உன் முட்டையும் தானே பொரிஞ்சுக்கும். போய் வேலையைப் பாரு."

கௌதாரி அன்று மாலை கடைசிக் குட்டி வீடு போகும் வரை இருந்தது. பிறகு குளத்தின் கிழக்குக் கரைக்குப் போய் தன் பழைய காரைப் புதரடியில் கூடு அமைத்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து வளையில் ஒரே அழுகை. எந்தக் குட்டியும் தூங்கவில்லை. முள்ளம்பன்றியையும் தூங்க விடவில்லை. மூன்று தாய்மார் தங்கள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு நேராகக் காரைப் புதருக்கே போய்விட்டார்கள். கௌதாரி வேண்டாமென்று சொல்லவில்லை. முட்டையின் மேல் உட்கார்ந்தபடியே அவற்றைப் பார்த்துக்கொண்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கிழக்குக் கரையில் கௌதாரி தன்னிடம் வந்த மூன்று குட்டிகளைக் கூப்பிட்டால், மேற்குக் கரையிலிருந்த பத்துக் குட்டிகளும் தண்ணீர் ஓரத்துக்கு ஓடின.

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. நேராக நீர்க்காகத்திடம் போயிற்று.

குளத்தின் நடுவே ஒரு பட்ட மரம் நின்றது. அதன் மேல் நீர்க்காகம் எந்நேரமும் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். பார்ப்பதற்குக் கறுப்பு அங்கி போட்டது போல இருக்கும். அதனாலேயே காட்டு விலங்குகள் அதை நீதிபதி ஆக்கிவிட்டன.

வழக்கு நாளன்று காலையிலேயே முள்ளம்பன்றி முயலைத் தேடி வந்தது.

"என்னம்மா, பஞ்சு நல்லாயிருக்கானா?"

"இருக்கான் அக்கா."

"இந்த வளையில இடம் போதவே மாட்டேங்குது. யாரையாவது நிறுத்தலாம்னு இருக்கேன். யாரைன்னுதான் தெரியலை." முள்ளம்பன்றி சிரித்தது. "ஒண்ணும் பயப்படாதே. இன்னைக்கு உன்னைச் சாட்சி கேப்பாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. போதும்."

முயல் அக்கரையைப் பார்த்தது. காரைப் புதருக்கு மேலே வெறும் வானம். எப்போதும் பருந்து சுற்றும். குட்டியை அங்கே விட அதற்குத் தைரியம் வரவில்லை. வளையில் இடம் போய்விட்டால் பஞ்சுவை எங்கே விடுவது? விடாமல் எப்படி மேய்வது? மேயாமல் எப்படிப் பால் சுரக்கும்?

வழக்கு தொடங்கியது.

"அந்தக் குரல் என் காப்பகத்துக் குரல்," என்றது முள்ளம்பன்றி. "என் வளையில, என் குட்டிகளுக்குப் பழக்கினது. வேலையை விட்டுப் போனவ குரலையும் தூக்கிட்டுப் போயிட்டா. அக்கரையில இருந்துகிட்டு என் குட்டிகளை இழுக்கறா."

"என் தொண்டையை நான் எங்கே கழற்றி வச்சிட்டு வர்றது?" என்றது கௌதாரி.

மரத்தின் மேலிருந்த குரங்குகள் கெக்கெக்கென்று சிரித்தன. "அமைதி," என்றது நீர்க்காகம்.

"எங்க அம்மா என்னைக் கூப்பிட்ட குரல் ஐயா இது. போன கோடையில என் குஞ்சுகளையும் இதே குரல்லதான் வளர்த்தேன். அப்போ இந்த அக்கா வளையை நான் பார்த்ததுகூட இல்லை. அதோ, முயலம்மாவுக்கே தெரியும். அவ அப்போ என் புதருக்குப் பக்கத்துலதான் இருந்தா."

எல்லாரும் முயலைப் பார்த்தார்கள்.

"முயலே, அந்தக் குரலை நீ எங்கே கேட்டாய்?" என்றது நீர்க்காகம்.

முயல் காதைத் தாழ்த்திக்கொண்டது. கௌதாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"வளையில கேட்டேன், ஐயா."

"வேறு எங்காவது?"

"தினமும்… வளையிலதான் கேட்கறேன், ஐயா."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. போன கோடையை மட்டும் அது விழுங்கிவிட்டது.

நீர்க்காகம் சிறகை உதறித் தீர்ப்புச் சொன்னது. "குரல் காப்பகத்துக்கே சொந்தம். இனி இந்தக் குளக்கரையில் கௌதாரி அந்தக் குரலை எழுப்பக் கூடாது. எழுப்பினால் அதன் கூடு கலைக்கப்படும். காவலுக்குக் குரங்குகள் இருக்கட்டும்."

இரண்டு குரங்குகள் அன்றே காரைப் புதருக்குப் பக்கத்து மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. குரல் இல்லாமல் மூன்று குட்டிகளைக் கௌதாரியால் மேய்க்க முடியவில்லை. அந்தத் தாய்மார் தலையைக் குனிந்தபடி முள்ளம்பன்றியிடமே திரும்பி வந்தார்கள். வளையில் பதின்மூன்று குட்டிகள் ஆயின. எல்லாருக்கும் இடம் இருந்தது.

கோடை முற்றியது. ஒருநாள் நடுப்பகலில் மேற்குச் சரிவில் மூங்கிலோடு மூங்கில் உரசித் தீப்பிடித்தது.

வளைக்குள் புழுக்கம் தாங்காமல் குட்டிகள் வெளியே காய்ந்த புல்லில் விளையாடிக்கொண்டிருந்தன. புகை வந்தது. ஆபத்து என்று அவற்றுக்குத் தெரிந்தது. பதின்மூன்று குட்டிகளும் அங்கங்கே தரையோடு படுத்துக்கொண்டன. அசையவில்லை.

முள்ளம்பன்றி விழித்துக்கொண்டு கத்தியது. "ஓடி வாங்க பிள்ளைகளா, வளைக்குள்ள ஓடி வாங்க!" ஒன்றும் வரவில்லை. "கொர்ர்… கொட், கொட்," என்று கூப்பிட்டும் பார்த்தது. புல் அப்படியே இருந்தது. தீ நெருங்கியதும் முள்ளம்பன்றி வளைக்குள் புகுந்துகொண்டது.

தாய்மார் ஓடி வந்தார்கள். முயல்தான் முதலில் வந்தது.

"பஞ்சு! அம்மா வந்திருக்கேன்டா. வாடா."

ஆள் உயரப் புல். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முயல் உள்ளே பாய்ந்தது. புகை கண்ணை அடைத்தது. வெளியே வந்து மறுபடியும் பாய்ந்தது. பிறகு அதற்கு ஒன்று தோன்றியது. கழுத்தை நிமிர்த்தி, தன்னால் முடிந்த மட்டும் கௌதாரியைப் போலவே கூப்பிட்டது.

"கிர்ரீ… கிட், கிட்."

சற்றுத் தள்ளிப் புல் நுனி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் கேட்டதும் ஆட்டம் நின்றுவிட்டது. ஏதோ ஒன்று இன்னும் தாழ்ந்து தரையோடு ஒட்டிக்கொண்டது.

முயல் அந்த இடத்தை நோக்கி ஓடியது. அதற்குள் நடுவில் தீ விழுந்துவிட்டது.

அது திரும்பிக் குளத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்கு ஓடியது. கௌதாரி முட்டையின் மேல் எழுந்து நின்று தீயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கூப்பிடு. உன் காலைப் பிடிச்சுக்கறேன், கூப்பிடு."

"அது காப்பகத்துக் குரல்மா. நீதானே சொன்னே."

"நான் முழுசாச் சொல்லலை."

"தெரியும். அங்கேயே போய் வாங்கிக்கோ."

"என் பிள்ளை உள்ளே கிடக்கான். நீ கூப்பிட்டாத்தான் எழுந்திருப்பேன்னு கிடக்கான்."

கௌதாரி கீழே பார்த்தது. முட்டை ஒன்றில் விரிசல் விட்டிருந்தது. உள்ளே ஒரு சின்ன அலகு தட்டிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தது. குரங்குகள் கிளையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தன.

"குரல் எழும்பினா நாங்க இறங்கணும்," என்றது ஒரு குரங்கு. "எங்க மேல வருத்தப்படாதே."

எவ்வளவு நேரம் கௌதாரி அப்படி நின்றது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம்தான் இருக்கும். பிறகு அது பறந்துபோய்த் தண்ணீர் ஓரத்துப் பாறையில் நின்று கூப்பிட்டது. தொண்டை கிழியக் கூப்பிட்டது.

மேற்குக் கரையில் புல் விலகியது. ஒரு மான்குட்டி வந்தது. இரண்டு பன்றிக்குட்டிகள் வந்தன. ரோமம் கருகி, இருமிக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தன. எட்டுக் குட்டிகள் வந்தன.

கௌதாரி நிறுத்தவில்லை. புல் முழுவதும் எரிந்து முடிந்த பிறகும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பஞ்சு வரவில்லை. இன்னும் நான்கு குட்டிகள் வரவில்லை.

முயல் அழவில்லை. குளத்தில் குதித்து நீந்திப் பட்ட மரத்தடிக்குப் போயிற்று.

"ஐயா, நான் போன கோடையிலயே அந்தக் குரலைக் கேட்டிருக்கேன். காரைப் புதர்ல. அது கௌதாரியோட குரல்தான். கூட்டைக் கலைக்க வேண்டாம்னு சொல்லுங்க."

நீர்க்காகம் விரித்த சிறகை மடக்கிக்கொண்டது. "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே," என்றது. பிறகு கிழக்குக் கரையைப் பார்த்து, "குரங்குகளே, நில்லுங்கள்," என்று கூவியது.

குரங்குகள் ஏற்கனவே இறங்கி, மறுபடியும் மரத்தில் ஏறியிருந்தன. அவற்றின் கை பிசுபிசுவென்று இருந்தது.

மறுநாள் காலை எட்டுத் தாய்மார் தங்கள் குட்டிகளோடு மேற்குக் கரைக்கு வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேயாமல் எப்படி இருப்பது? வேறு வளை எங்கே இருக்கிறது? முள்ளம்பன்றி வாசலில் நின்று குட்டிகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது.

கரிந்த புல்லில் முயல் உட்கார்ந்திருந்தது. முள்ளம்பன்றி மெல்ல அதனிடம் வந்தது.

"நடந்தது நடந்துபோச்சும்மா. நீயும் எத்தனை நாள் இப்படியே உட்கார்ந்திருப்பே? எனக்கு ஒரு ஆள் வேணும். உனக்கும் மனசு மாறும். அந்தக் குரலை மட்டும் நல்லாப் பழகிக்கோ."

முயல் நிமிர்ந்து பார்த்தது. பிறகு கிழக்குக் கரைப் பக்கம் திரும்பிக்கொண்டது.

குளத்தின் கிழக்குக் கரையில் காரைப் புதர் காலியாக இருந்தது. கௌதாரி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

தன் பிள்ளைக்கு இடம் வேண்டுமென்று அடுத்தவர் நியாயத்தில் பாதியை விழுங்கினால், விழுங்கிய பாதி ஒருநாள் அந்தப் பிள்ளையையே கேட்டு வந்து நிற்கும்.